பழையனூர் நீலியை வைத்து எரோடிக் ஹாரர் த்ரில்லர்: புதிதாக எழுத வருபவர்களுக்கு

எரோடிக் ஹாரர், அதாவது காமமும் பேய்ப் பயமும் கலந்த கதை, எழுதிப் பார்க்கலாம் என்று ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் ஐரோப்பிய ரத்தக் காட்டேரியில்தான் ஆரம்பிக்கிறார்கள். பழைய கோட்டை, மெழுகுவர்த்தி, வெளுத்த முகம். இந்த வகைக்கென்றே அமைந்தது போன்ற ஒரு தொன்மம் நம்மிடமே இருக்கிறது: பழையனூர் நீலி. தான் கொன்ற பெண்ணே அழகியாகத் திரும்பி வந்து நிற்க, அடையாளம் தெரியாமல் அவளோடு ஒரே வீட்டில் இரவைக் கழிக்கிறான் ஒருவன். காமம், பேய், கொலை, ஊர்ச் சபையின் விசாரணை, விடியற்காலை என்ற கெடு எல்லாம் அந்த ஒரே கதையில் உண்டு. அதை வைத்து உங்கள் முதல் கதையை எப்படி எழுதி முடிப்பது என்று இங்கே வரிசையாகச் சொல்கிறேன். 18 வயது நிறைந்தவர்கள் படிக்க, 18 வயது நிறைந்தவர்கள் எழுத வேண்டிய வகை இது.

முதல் படி: கதையை முழுசாகத் தெரிந்துகொள்ளுங்கள்

பரவலாகச் சொல்லப்படும் வடிவம் இது. காஞ்சிபுரத்து அந்தணன் ஒருவன், வீட்டில் மனைவி இருக்க, காசிக்குப் போன இடத்தில் இன்னொருத்தியை மணக்கிறான். அவளோடு ஊர் திரும்பும் வழியில், முதல் கல்யாணம் வெளியே தெரிந்துவிடுமே என்ற பயத்தில் திருவாலங்காட்டுக்குப் பக்கத்தில் அவளைக் கொன்றுவிடுகிறான். துணைக்கு வந்த அவள் அண்ணனும் உயிரை விடுகிறான். அடுத்த பிறவியில் அந்தணன் வணிகனாகப் பிறக்கிறான். ஒரு பெண்ணால் உனக்கு ஆபத்து என்று சொல்லி, மந்திரித்த வாள் ஒன்றை அவனிடம் கொடுத்து வைத்திருக்கிறார்கள்.

பழையனூர் வழியில், அன்று கொல்லப்பட்டவள் நீலி என்ற பேயாக வந்து அவனைப் பிடிக்கிறாள். கள்ளிக் கொம்பு ஒன்றைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, 'இவர் என் புருஷன், என்னைக் கைவிட்டுவிட்டு ஓடுகிறார்' என்று ஊர்ச் சபையில் அழுகிறாள். குழந்தை அவனை 'அப்பா' என்கிறது. வேளாளர் எழுபது பேர் கூடிய சபை அது. அவன் கதறுகிறான்: இவள் பேய், என்னைக் கொன்றுவிடுவாள். சபை அவனுக்கு வாக்குக் கொடுக்கிறது: உன் உயிருக்கு ஏதாவது வந்தால் நாங்கள் எழுபது பேரும் உயிரை விடுகிறோம். வாள் இருந்தால் தன்னைக் கொன்றுவிடுவான் என்று அவள் முறையிட, அதையும் வாங்கி வைத்துக்கொண்டு இருவரையும் ஒரே வீட்டில் விட்டுக் கதவைச் சாத்துகிறார்கள். காலையில் அவன் பிணம். எழுபது பேரும் சொன்ன சொல்லைக் காக்கத் தீக்குழியில் இறங்குகிறார்கள்.

இது வெறும் பாட்டி கதை என்று நினைத்துவிடாதீர்கள். 7-ஆம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் திருவாலங்காட்டுப் பதிகத்தின் முதல் பாட்டிலேயே 'வஞ்சப்படுத்து ஒருத்தி வாழ்நாள் கொள்ளும் வகை கேட்டு' என்று இதைத் தொட்டுவிட்டுப் போகிறார். 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார், வணிகனுக்குக் கொடுத்த சொல்லைக் காத்த பழையனூர்க்காரர்களைப் பாடுகிறார். பிறகு உமாபதி சிவாச்சாரியார் எழுபது பேர், செந்தீக்குழி என்று தெளிவாகவே சொல்கிறார். ஊரும் கற்பனை ஊர் கிடையாது. முதலாம் ராஜேந்திர சோழனின் 6-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த திருவாலங்காட்டுச் செப்பேடு, பழையனூரைத் திருவாலங்காட்டுக் கோயிலுக்குக் கொடுத்த செய்தியைத்தான் சொல்கிறது. இன்று இரண்டு ஊரும் திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கின்றன.

தெற்கே போனால் கதை வேறு முகம் காட்டும். கன்னியாகுமரிப் பக்கம் வில்லுப்பாட்டில் வரும் கள்ளியங்காட்டு நீலி ஒரு தாசியின் மகள். தன் மடியில் தலை வைத்துத் தூங்கியவளை நகைக்காகக் கொன்றுவிடுகிறான் காதலன். அங்கே அவள் இசக்கியோடு சேர்ந்து தெய்வமாகவும் ஆகிவிட்டாள். ஆரல்வாய்மொழி அருகே முப்பந்தல் இசக்கியம்மன் கோயிலுக்கு இன்றும் கூட்டம் போகிறது. இரண்டு வடிவத்தில் ஒன்றை மட்டும் எடுங்கள். இரண்டையும் கலந்தால் கொலைக்கான காரணம் குழம்பிவிடும். இந்த வகைக் கதையில் எல்லாமே அந்தக் காரணத்தின் மேல்தான் நிற்கிறது. இனி இங்கே சொல்வதெல்லாம் பழையனூர் வடிவத்தை வைத்து.

அடுத்த படி: எதை மாற்றக் கூடாது என்று முடிவு செய்யுங்கள்

ஒரு தாளில் ஐந்தே வரி போதும். அவன் முன்பு அவளைக் கொன்றான். அவள் மனைவியாக வந்து உரிமை கேட்கிறாள். சபை வாக்குக் கொடுக்கிறது. வாள் கைவிட்டுப் போகிறது. கதவு சாத்தப்படுகிறது. இந்த ஐந்தில் ஒன்றை எடுத்தாலும் அது நீலி கதை ஆகாது. மீதி எல்லாம் உங்கள் இஷ்டம்: பெயர்கள், காலம், அவன் என்ன வியாபாரம் செய்தான், கடைசியில் யார் பிழைக்கிறார்கள் என்பது வரைக்கும்.

மூன்றாவது படி: தொன்மம் வாய்மூடும் இடத்தைக் கண்டுபிடியுங்கள்

எனக்கு இதுதான் முக்கியமான படி. வழியில் நடந்ததைக் கதை சொல்கிறது, சபையில் நடந்ததைச் சொல்கிறது, காலையில் கிடந்த பிணத்தையும் சொல்கிறது. கதவு சாத்தியதிலிருந்து விடிகிற வரை உள்ளே என்ன நடந்தது என்று மட்டும் சொல்வதில்லை. உங்கள் புத்தகம் அந்த இரவுதான்.

இப்படி யோசித்துப் பாருங்கள். இவள் பேய் என்று சபையில் அலறியவன் அவன். ஊரே அவனை நம்பவில்லை. எழுபது பெரியவர்கள் உயிரைப் பணயம் வைத்து 'ஒன்றும் ஆகாது, போ' என்கிறார்கள். ஒரு கட்டத்தில் அவனுக்கே சந்தேகம் வரும்: ஒருவேளை நான்தான் தப்பாக நினைத்துவிட்டேனோ? நம்பினால் இவள் அழகான பெண், தன் மேல் ஆசையோடு இருப்பவள். நம்பாவிட்டால் சாவு. ஆசை அவனை நம்பச் சொல்கிறது. அறிவு நம்பாதே என்கிறது. எரோடிக், ஹாரர், த்ரில்லர் என்ற மூன்றும் ஒரே புள்ளியில் வந்து சேர்வது இங்கேதான். படிக்கிறவர் அவன் அவளைத் தொட வேண்டும் என்றும் நினைக்க வேண்டும், தொட்டுவிடக் கூடாதே என்றும் பதற வேண்டும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் அந்த அத்தியாயத்தைத் திரும்ப எழுதுங்கள்.

யாருடைய கண்ணில் கதை நடக்கிறது?

வணிகன் கண்ணில் எழுதுவது புதியவர்களுக்கு எளிது. அவனுக்குத் தெரியாதது வாசகருக்கும் தெரியாது, பயம் தானாகச் சேரும். நீலியின் கண்ணில் எழுதினால் பயம் குறைந்து கோபமும் துக்கமும் கூடும். நன்றாக வந்தால் அதுதான் பெரிய கதை. ஆனால் முதல் முயற்சியில் முழுக்க அவள் கண்ணில் எழுதினால் த்ரில்லருக்கு வேண்டிய மர்மம் போய்விடும்.

நான் சொல்வது இதுதான்: முக்கால்வாசி அவன் பக்கம். நடுவில் ஒரே ஓர் அத்தியாயம் அவள் பக்கம், அதுவும் முற்பிறவிக் கொலை நடந்த மத்தியானம். தன் மேல் உயிராக இருந்தவனின் கை தன்னைத் தள்ளுகிற கணத்தை அவள் வழியாகவே வாசகர் பார்க்கட்டும். அதன் பிறகு அவள் செய்யும் எதையும் வெறும் பேய்த்தனம் என்று ஒதுக்கிவிட முடியாது. நீலியை வெறும் மோகினியாக, ஆணைக் கெடுக்க வந்தவளாக மட்டும் எழுதுகிறவர்கள் இந்தக் கதையின் பாதியைத் தூக்கி எறிந்துவிடுகிறார்கள். துரோகம் நடந்தது அவளுக்கு.

நேரத்தை யாமமாகப் பிரியுங்கள்

த்ரில்லருக்குக் கெடு வேண்டும். அது கதையிலேயே இருக்கிறது: விடிந்துவிட்டால் அவன் பிழைத்தான். அந்தக் காலத்துக் கணக்கில் இரவுக்கு நான்கு யாமம். ஒரு யாமம் ஏழரை நாழிகை, அதாவது மூன்று மணி நேரம். நான்கு யாமத்தையும் நான்கு பகுதியாக வைத்துக்கொள்ளுங்கள். ஊர்க்காவலனின் குரலோ பறையின் ஒலியோ வெளியிலிருந்து கேட்டால் யாமம் மாறியது தெரியும். கடிகாரம் இல்லாமலே வாசகர் நேரத்தை எண்ணத் தொடங்கிவிடுவார்.

முதல் யாமத்தில் பேச்சு மட்டும். அவன் கதவோரமாக உட்கார்ந்திருக்கிறான், அவள் கிட்டே வருவதில்லை. இரண்டாம் யாமத்தில் ஆசை. மூன்றாம் யாமத்தில் ஞாபகம்: இவளை எங்கே பார்த்தோம் என்று அவனுக்கு மெல்லத் தெரிகிறது. நான்காம் யாமம் கணக்குத் தீர்க்கும் நேரம். இதையே பிடித்துத் தொங்க வேண்டியதில்லை. ஆனால் ஆசையை ஞாபகத்துக்கு முன்னால் வையுங்கள். தெரிந்த பிறகு ஆசை வந்தால் நம்ப முடியாது. ஆசைப்பட்ட பிறகு தெரியவந்தால் வயிற்றைக் கலக்கும்.

காமக் காட்சியை எழுதுவது

புதியவர்கள் திணறுவது இங்கேதான். தமிழில் உடலைப் பற்றி எழுத உட்கார்ந்தால் இரண்டு பக்கமும் பள்ளம். ஒரு பக்கம் கமலம், கனி, கொடியிடை என்று பழைய அலங்காரம். இன்னொரு பக்கம் தெருவில் திட்டுகிற சொற்கள். இரண்டுமே இந்தக் கதையின் பயத்தைக் கொன்றுவிடும். அன்றாடம் சொல்கிற உறுப்புகளின் பெயரே போதும்: கழுத்து, முதுகு, மணிக்கட்டு, தோள், மூச்சு. எந்த உறுப்பு என்பதைவிட அந்தத் தொடுகையில் என்ன தெரிந்தது என்பதுதான் காட்சியைச் சூடாக்கும்.

ஒரு சின்னப் பகுதியை எழுதிக் காட்டுகிறேன்:

'விளக்குத் திரியைத் தூண்டிவிட்டு அவள் திரும்பி உட்கார்ந்தாள். கூந்தலை ஒரு கையால் முன்னால் ஒதுக்கி, பின்கழுத்தில் முத்துச் சரத்தின் முடிச்சைக் காட்டினாள். "அவிழ்த்துவிடுங்கள்." விரல் பட்டதும் அவள் தோள் சிலிர்த்தது. பகலெல்லாம் வெயிலில் நடந்து வந்தவள் கழுத்தில் வியர்வையே இல்லை. அதை அவன் கவனித்தான். கவனித்த பிறகும் விரலை எடுக்கவில்லை. முடிச்சு இழுத்த இழுப்புக்கு வந்தது. இதே முடிச்சை முன்பே அவிழ்த்திருக்கிறோம் என்று விரல்களுக்குத் தெரிந்தது. எப்போது என்று மனதுக்குத்தான் வரவில்லை.'

இதில் ஆடை எதுவும் நழுவவில்லை. ஆனால் மூன்று வேலை நடக்கிறது. அவள் முதுகைக் காட்டி உட்கார்ந்து, தன்னைத் தொட அவனுக்கு இடம் கொடுக்கிறாள், அது ஆசை. வியர்வை இல்லாத கழுத்து, அது பயம். விரலுக்குத் தெரிந்த முடிச்சு, அது கதையின் மர்மத்தை ஒரு படி நகர்த்துகிறது. இன்னும் வெளிப்படையாக எழுத விரும்பினால் எழுதுங்கள், வகை அதற்கு இடம் தருகிறது. ஒவ்வொரு காமக் காட்சியிலும் இந்த மூன்றும் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ஆசை மட்டும் உள்ள காட்சியை வெட்டி எடுத்தால் கதைக்கு ஒன்றும் ஆகாது என்றால், வெட்டிவிடுவதே நல்லது.

இரண்டு கறாரான விதிகள். படுக்கையில் இருக்கும் இருவரும் வயது வந்தவர்கள் என்பது கதையில் சந்தேகமில்லாமல் தெரிய வேண்டும். பழைய காலத்தில் சின்ன வயதில் கல்யாணம் நடந்தது என்ற சாக்கு இங்கே செல்லாது. அடுத்தது, இடுப்புக் குழந்தை. ஆசை தலைகாட்டுவதற்கு முன்பே அது அந்த அறையை விட்டு வெளியே போய்விட வேண்டும். கதையே இதற்கு வழி வைத்திருக்கிறது. சபையில் ஒரு கிழவியிடம் குழந்தையைக் கொடுத்து அனுப்பிவிடுங்கள். நள்ளிரவில் அந்தக் கிழவி தூளியைத் தொட்டுப் பார்க்கும்போது உள்ளே கள்ளிக் கொம்பு கிடக்கட்டும். அவள் ஓடி வந்து சாத்திய கதவைத் தட்டுகிறாள். உள்ளே இருப்பவனுக்குத் தட்டுவது கேட்கிறது. பக்கத்தில் படுத்திருப்பவளுக்கும் கேட்கிறது.

பயத்தை எங்கிருந்து எடுப்பது

திருவாலங்காடு காரைக்கால் அம்மையாரின் ஊரும்கூட. அழகு வேண்டாம், பேயுரு வேண்டும் என்று கேட்டு வாங்கி, அந்தக் காட்டில் தலையால் நடந்தவர் என்பது புராணம். அவருடைய மூத்த திருப்பதிகம் 'கொங்கை திரங்கி நரம்பெழுந்து' என்று ஒரு பெண்பேயை உறுப்பு உறுப்பாகக் காட்டிக்கொண்டே தொடங்கும்: குழிந்த வயிறு, நீண்ட பல், உயர்ந்த பரடு, அதாவது கணுக்கால். அதே காட்டுக்கு ஒரு பெண் அழகை உதறிப் பேயாக வருகிறாள், அங்கேயே ஒரு பேய் அழகை உடுத்திப் பெண்ணாகிறது. நீலியின் நிஜ உருவம் ஒரு கணம் தெரிய வேண்டிய இடத்தில் எழுதுவதற்கு முன் அந்தப் பதிகத்தை மெல்ல வாய்விட்டுப் படியுங்கள். வர்ணனையில் ஒரு அலறல்கூட இல்லாமல் உடம்பை மட்டும் சொல்லிப் பயமுறுத்துவது எப்படி என்று புரியும்.

நீலகேசியையும் புரட்டிப் பாருங்கள். ஐஞ்சிறுகாப்பியங்களில் ஒன்று, சமண நூல். அதில் இதே பழையனூர் நீலி, தவம் செய்யும் முனிச்சந்திர முனிவரை விரட்டுவதற்காக அனுப்பப்படுகிறாள். முதலில் கோர உருவம் காட்டி மிரட்டுகிறாள். அது பலிக்காமல் போனதும் அரசகுமாரியாக வந்து மயக்கப் பார்க்கிறாள். மிரட்டல், பிறகு மயக்கல். உங்கள் கதையில் இந்த வரிசையைத் திருப்பிப் போட்டாலும் போடலாம். ஆனால் இரண்டும் ஒரே ஆயுதத்தின் இரு முனை என்பதை நம் ஆட்கள் எப்போதோ கண்டுகொண்டுவிட்டார்கள். கலிங்கத்துப்பரணியும் அப்படித்தான்: ஊடலில் கதவைச் சாத்திய பெண்களை அழைக்கிற கடைதிறப்பு முடிந்த கையோடு, கருகிய காடும் பேய்களும் வந்துவிடும்.

பேய்க்கு விதி வையுங்கள். அவளால் எது முடியும், எது முடியாது? இரும்பைத் தொட முடியாதா? அவன் வாயாலேயே 'நீ என் மனைவி' என்று சொல்லும் வரை அவனைத் தொட முடியாதா? இரண்டாவதை வைத்துப் பாருங்கள். சபையில் மறுத்தவன் ஆசையில் அந்தச் சொல்லைத் தானே சொல்லிவிடுகிற கணம் கதையின் உச்சமாகிவிடும். எந்த விதி வைத்தாலும் முதல் யாமத்திலேயே வாசகருக்குத் தெரியப்படுத்திவிடுங்கள், கடைசியில் மீறாதீர்கள்.

காலப் பிழைகள்

சோழர் காலத்துக்கு முன்போ அதையொட்டியோ வைத்தால் சமையலில் மிளகாய் வரக் கூடாது. அது போர்த்துகீசியர் கொண்டுவந்தது. அதுவரை காரத்துக்கு மிளகுதான். தக்காளி, உருளைக்கிழங்கு, புகையிலை எதுவும் கிடையாது. நிலைக்கண்ணாடியில் அவள் உருவம் தெரியவில்லை என்று எழுதிவிடாதீர்கள், அது காட்டேரிக் கதையின் சாமான். உலோக ஆடியைத் தேய்த்துப் பார்க்கிற காலம் இது. விளக்குக்கு இலுப்பை எண்ணெய், ஆமணக்கு எண்ணெய். விளக்கு மங்குவதை எண்ணெய் வாசனையோடு எழுதினால் அறை கண்முன் வந்துவிடும்.

கள்ளியையும் விட்டுவிடாதீர்கள். சோழர் செப்பேடுகளில் ஊர் எல்லை குறிக்கும்போது 'கல்லும் கள்ளியும் நாட்டி' என்ற வாசகம் வரும். குழந்தையாக மாறிய கொம்பு ஊர் எல்லையில் நட்ட கள்ளியிலிருந்து ஒடித்தது என்று வைத்தால், ஊருக்கு வெளியே நிறுத்த வேண்டியது ஊருக்குள்ளே இடுப்பில் ஏறி வந்துவிட்டது. இதை விளக்க வேண்டாம். எல்லையில் ஒடிந்த கள்ளியில் பால் வடிந்துகொண்டிருப்பதை ஒரு வரியில் காட்டினால் போதும்.

வெளியிடுவதற்கு முன்

இது இன்னும் உயிரோடு இருக்கிற நம்பிக்கை. எழுபது பேரைத் தங்கள் முன்னோர்களாகப் போற்றுகிறவர்கள் இருக்கிறார்கள், இசக்கியைக் குலதெய்வமாகக் கும்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். எழுபது பேரைக் கேலிப் பாத்திரங்களாக்காதீர்கள். அவர்கள் ஏமாந்தார்கள், ஆனால் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்கள். கதைக்கும் அதுதான் பலம். இன்றைய கோயில், இன்றைய குடும்பம் எதையும் அடையாளம் தெரிகிற மாதிரி உள்ளே இழுக்க வேண்டாம். ஊர்ப்பெயரை மாற்றிவிட்டாலும் கதைக்கு நஷ்டம் இல்லை.

சட்டம் சுருக்கமாக: ஆபாசமான அச்சுப் பிரதிக்கு பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தின் 294-ஆம் பிரிவு, இணையத்துக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67, 67ஏ பிரிவுகள். இலக்கியம், கலை ஆகியவற்றுக்கு இரண்டிலும் விலக்கு உண்டு. 2014-இல் உச்ச நீதிமன்றம், ஒரு பகுதியை மட்டும் பிய்த்துப் பார்க்காமல் படைப்பை முழுதாக, இன்றைய சமூக அளவுகோலை வைத்துப் பார்க்க வேண்டும் என்றது. 2016-இல் ஒரு தமிழ் நாவல் வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம் எழுத்தாளர் பக்கம் நின்றது. அதற்காக அசட்டையாக இருந்துவிடாதீர்கள். காமக் காட்சி கதைக்குள் வேலை செய்தால் உங்களுக்கும் பாதுகாப்பு.

முன்பக்கத்திலேயே 18+ என்று போடுங்கள். வன்முறை, பாலுறவு, உடனிருப்பவரால் நடக்கும் கொலை ஆகியவை உண்டு என்று ஒரு வரி எச்சரிக்கையும் வையுங்கள். எந்தத் தளத்தில் போடுகிறீர்களோ அதன் வயதுவந்தோர் உள்ளடக்க விதியை முதலில் படித்து, பதிவேற்றும்போது அந்தக் குறியீட்டை மறக்காமல் தேர்ந்தெடுங்கள். அட்டைப் படத்துக்கும் அதே விதி. நீலிக்கு அரைகுறை ஆடை தேவையே இல்லை. சாத்திய கதவும், வெளியே சுவரில் சாய்த்து வைத்த வாளும் போதும். மாதிரி அத்தியாயம் போடுவதானால் சபைக் காட்சியைப் போடுங்கள், அவன் கையிலிருந்து வாளை வாங்குகிற இடத்தோடு நிறுத்திவிடுங்கள்.